கண்ணாடி இல்லாத கேமரா

எல்லாம் கழுத்து வலியில்தான் ஆரம்பித்தது.

"எத்தனை வருஷமா தொங்க விட்டிருக்கீங்க?" என்றார் எலும்பு டாக்டர், எக்ஸ்ரேயை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு.

"எதை டாக்டர்? குடும்பத்தையா?"

"குடும்பத்துக்கு முதுகுதான் வலிக்கும். இது கழுத்து. என்ன மாட்டியிருந்தீங்க?"

ஒப்புக்கொண்டேன். கேமரா. எஸ்.எல்.ஆர். ரகம். பெரிய லென்ஸோடு சேர்த்து ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. திருவண்ணாமலையில் பிள்ளை வரம் கேட்டுப் பலித்தவர்கள் கரும்புத் தொட்டில் கட்டிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வலம் வருவார்கள். நான் எந்த வேண்டுதலும் இல்லாமல், பதினைந்து வருஷமாக அந்தக் கேமராவைக் கழுத்தில் தூக்கிக்கொண்டு பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றி வந்தவன்.

"ஒண்ணு கழுத்தை மாத்தணும். இல்லேன்னா கேமராவை மாத்தணும்" என்றார் டாக்டர்.

கழுத்துக்கு எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் எதுவும் இல்லாததால் கேமராவை மாற்றினேன். அதாவது 2023 ஆடியில், கொஞ்சம் பழசாக, ஒருவர் கை மாறி வந்த 'மிர்ரர்லெஸ்' கேமரா ஒன்றை வாங்கினேன். கையடக்கமாக, இரண்டு ஆழாக்கு அரிசி கனம். ஆனால் தொழில்முறை ஆசாமிகளும் கல்யாணத்துக்கு எடுத்துக்கொண்டு போகிற சமாசாரம். கம்பெனி பெயர் வேண்டாம். பின்னால் கொஞ்சம் திட்டப் போகிறேன்.

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் அம்மா கேட்டாள், "என்னாடா அது, குட்டியா?"

"புது கேமராம்மா. மிர்ரர்லெஸ். உள்ளே கண்ணாடி இல்லாதது."

அம்மாவுக்கு எண்பத்தொரு வயது. காது மந்தம். வாய் இல்லை.

"கண்ணாடி இல்லாததா? பாத்து வாங்கக் கூடாதா? கடைக்காரன் எடுத்துக்கிட்டிருப்பான்."

"இல்லம்மா, இதுக்குக் கண்ணாடியே கிடையாது."

"கண்ணாடி இல்லேன்னா உனக்கே எதிர்ல நிக்கிறவன் யாருன்னு தெரியாது. அதுக்கு எப்படிடா தெரியும்?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

*

பழைய எஸ்.எல்.ஆர். கேமராவின் உள்ளே, லென்ஸுக்குப் பின்னால், ஒரு சின்னக் கண்ணாடி நாற்பத்தைந்து டிகிரி சாய்ந்து நிற்கும். லென்ஸ் வழியாக வருகிற வெளிச்சத்தை அது மேலே அனுப்பும். மேலே ஐந்து மூலைக் கண்ணாடிக் கட்டி ஒன்று அதை மடக்கித் திருப்பி நம் கண்ணுக்குக் கொண்டுவரும். நீங்கள் பட்டனை அமுக்கியதும் அந்தக் கண்ணாடி 'கடக்' என்று மேலே எழும்பி வழி விடும். வெளிச்சம் பிலிமில் விழும். கண்ணாடி திரும்ப இறங்கி உட்காரும். கேமராவின் அந்தக் 'கடக்' சத்தத்தில் பாதிக்கு மேல் இந்தக் கண்ணாடி ஏறி இறங்குகிற சத்தம்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கண்ணாடி மேலே போயிருக்கிற அந்த நொடிப் பின்னத்தில் படம் எடுக்கிறவருக்கு எதுவுமே தெரியாது. இருட்டு. எந்தக் கணத்தைப் பிடிக்கிறாரோ அந்தக் கணத்தை மட்டும் அவர் பார்ப்பதில்லை! மாப்பிள்ளை தாலி கட்டுகிற நேரத்தில் கல்யாண வீட்டில் அதைப் பார்க்காத ஒரே ஆள் போட்டோகிராபர்தான்.

மிர்ரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடியைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். லென்ஸ் வழியாக வருகிற வெளிச்சம் நேரே பின்னால் இருக்கும் சென்ஸார் சில்லில் விழுகிறது. அந்தச் சில்லு பார்ப்பதை ஒரு குட்டி டி.வி. நமக்குக் காட்டுகிறது. கண்ணை வைத்துப் பார்க்கிற துவாரத்துக்குள் இருப்பது அந்த டி.வி.தான். கண்ணாடி போனதால் அதற்கான இடம் மிச்சம், எடை மிச்சம், சத்தமும் மிச்சம். 2008-ல் பானாசோனிக் ஜி1 என்ற கேமராவில் ஆரம்பித்து, 2013-ல் சோனி பெரிய சென்ஸாரோடு ஏ7 கொண்டுவந்து, 2018-ல் கேனன், நிக்கான் ஜாம்பவான்களும் பெரிய சென்ஸாரோடு களத்தில் குதித்தார்கள். 2020-ல் வந்த சோனி ஏ7சி, பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்தே 509 கிராம்தான்.

இதை அம்மாவிடம் விளக்கி முடித்தபோது அவள் தூங்கியிருந்தாள்.

*

வாங்கியவர்கள் அனுபவம் எப்படி என்று கேட்பீர்கள். முதலில் என் அனுபவம்.

குறை நம்பர் ஒன்று, பேட்டரி. பழைய கேமரா சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் கரண்ட் சாப்பிடாது. கண்ணாடிக்கு எதற்குக் கரண்ட்? இது பார்த்தாலே சாப்பிடும். டி.வி. ஓடுகிறதே! பேட்டரி தீர்ந்தால் துவாரத்துக்குள் அமாவாசை. என்னுடையதில் முதல் சொந்தக்காரர் ஏற்கெனவே பாதி ஆயுளைத் தீர்த்துவிட்ட பேட்டரி வேறு. காலையில் நூறு சதவிகிதம் காட்டும். இந்திர லிங்கத்தில் கிளம்பினால் நிருதி லிங்கம் வருவதற்குள் சிவப்பு விளக்கு எரியும். எட்டு லிங்கத்தில் பாதிதான் ஆகியிருக்கும்.

குறை இரண்டு, தூசி. லென்ஸைக் கழற்றினால் சென்ஸார் திறந்த வீடு. குறுக்கே நிற்கக் கண்ணாடி இல்லை. நான் புத்திசாலித்தனமாக வாயு லிங்கத்துக்குப் பக்கத்தில் நின்று லென்ஸ் மாற்றினேன். வாயு பகவான் கடாட்சம் செய்தார். அதற்கப்புறம் ஒரு மாசத்துக்கு நான் எடுத்த ஆகாயத்தில் எல்லாம் ஒரே இடத்தில் ஒரு காக்காய் பறந்தது.

குறை மூன்று, மெனு. உடுப்பி ஓட்டல் மெனுவாவது ஒரு போர்டில் அடங்கும். இது பக்கம் பக்கமாகப் போகிறது. ஒருநாள் தெரியாமல் எதையோ தட்டிவிட்டு, கேமரா என்னிடம் சீன மொழியில் பேச ஆரம்பித்துவிட்டது. எதிர்வீட்டு ஏழாம் வகுப்புப் பையன் வந்துதான் தமிழ்நாட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தான்.

நிறை? கழுத்து வலி போய்விட்டது. சத்தம் போயே போய்விட்டது. வேண்டுமானால் துளிகூடச் சத்தம் இல்லாமல் எடுக்கலாம். அப்புறம், மனித முகத்தைக் கண்டால் கண் எங்கே இருக்கிறது என்று தானே தேடிப் பிடித்து, அதன்மேல் ஒரு சின்னச் சதுரம் போட்டுத் துல்லியமாக ஃபோகஸ் செய்கிறது. என் வயதில் கண் தெரியாதவனுக்கு, கண்ணைத் தேடித்தரும் கேமரா!

அடுத்து, எனக்குத் தெரிந்த ஸ்டூடியோக்காரர் ஒருவரின் அனுபவம். அவர் அப்பா காலத்தில் யாஷிகா-மேட். ஒரு ரோலில் பன்னிரண்டு படம்தான். ஊட்டியில் 1960-ல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' பிலிம் கிடைத்தால் அது, இல்லாவிட்டால் வெளிநாட்டுச் சரக்கு. ஒரு கல்யாணத்துக்கு மூன்று ரோல் என்றால் பெரிய இடத்துக் கல்யாணம் என்று அர்த்தம். முப்பத்தாறே படம். அதில் மாமியாரை மறந்தால் போச்சு.

மகன் காலத்தில் பெரிய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். வந்தது. போன வருஷம்வரை ராக்கெட் லாஞ்சர் மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். பிறகு என்னைப் போலவே மிர்ரர்லெஸ்ஸுக்கு மாறினார். முதல் கல்யாணத்திலேயே பெண்ணின் சித்தப்பா பிடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, ஒரு லட்சம் பேசியிருக்கோம். ஒனக்குப் பெரிய கேமரா இல்லியா? சின்னதைக் கொண்டாந்திருக்கே?"

"சார், இது அதைவிட ஒசத்தி. வெலையும் ஜாஸ்தி."

"வெலையை விடு. பாக்கிறவன் என்ன நெனைப்பான்? என் செல்போனே இதவிடப் பெருசா இருக்கு!"

இப்போது ஸ்டூடியோக்காரர் என்ன செய்கிறார் தெரியுமா? அந்தச் சின்ன கேமராவின் அடியில் ஒரு கைப்பிடியை முடுக்கி, தலைமேல் ஃப்ளாஷை ஏற்றி, முன்னால் அண்டா மாதிரி ஒரு ஹூடை மாட்டிக்கொண்டு போகிறார். மொத்தக் கனம் பழைய கேமராவைவிட நூறு கிராம் கூடுதல். சித்தப்பாக்கள் திருப்தி.

மூன்றாவது, சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் என் மைத்துனன். உலகத்தில் வெளியாகும் எல்லா கேமராவின் ஜாதகமும் அவனுக்கு மனப்பாடம். வருஷத்துக்கு ஒன்று மாற்றுவான். "மாமா, இதோட டைனமிக் ரேஞ்ச் பாருங்க" என்பான். பார்ப்பேன். அவன் எடுத்த படங்களைக் காட்டச் சொன்னால், செல்போனை நீட்டுவான். அதில் இருப்பதெல்லாம் அவன் கேமராவைச் செல்போனால் எடுத்த படங்கள்.

*

இத்தனை அமர்க்களமும் புதுசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். செங்கம் ரோட்டில் ஒரு டீக்கடையில் அந்த நினைப்பு போயிற்று.

ஆசிரமத்துக்கு வந்திருந்த வெளிநாட்டுப் பெரியவர் ஒருவர். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, சர்க்கரை கம்மி டீ சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கழுத்தில் சின்னக் கேமரா. கறுப்பு பெயின்ட் தேய்ந்து மூலைகளில் பித்தளை பல்லிளித்தது. கோயில் மணி மாதிரி இருந்தது.

"மிர்ரர்லெஸ்?" என்று என்னுடையதைக் காட்டிக் கேட்டார்.

"ஆமாம்" என்றேன் பெருமையாக.

தன்னுடையதைக் காட்டி, "இதுவும்தான்" என்றார்.

லைக்கா. பிலிம் கேமரா. அறுபது வயதுக்குக் குறையாது. வாங்கிக் கண்ணை வைத்துப் பார்த்தேன். டீ மாஸ்டர், பாய்லர், தொங்குகிற வாழைப்பழத் தார், எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. வெறும் ஜன்னல். டி.வி. இல்லை. "பேட்டரி?" என்றேன். சிரித்தார். ஒரு ரோலில் முப்பத்தாறு படம். மாசத்துக்கு ஒரு ரோல்தானாம்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். கேமராவில் அந்தக் கண்ணாடி இல்லாதது ஒன்றும் புதுமை இல்லை. ஜெர்மனியில் வெட்ஸ்லார் என்ற ஊரில் லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆஸ்கார் பார்னாக், சினிமா பிலிமைப் போட்டு எடுக்கிற மாதிரி ஒரு குட்டிக் கேமராவை முதல் உலகப் போருக்குச் சற்று முன்பே செய்து பார்த்தார். மனிதர் ஆஸ்துமாக்காரர், அந்தக் காலத்துப் பெட்டிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு மலையேற முடியவில்லை, அதனால்தான் யோசித்தார் என்பார்கள். அவருக்கு மூச்சு, எனக்குக் கழுத்து! 1925-ல் லைப்சிக் பொருட்காட்சியில் அது 'லைக்கா' என்று விற்பனைக்கு வந்தது. அவர் தேர்ந்தெடுத்த 24-க்கு 36 மில்லிமீட்டர் அளவைத்தான் இன்றைக்கும் 'ஃபுல் ஃப்ரேம்' என்று பெயர் வைத்து லட்ச ரூபாய்க்கு விற்கிறார்கள்.

அந்த லைக்காவைக் கையில் வைத்துக்கொண்டு உலகம் சுற்றிய ஒருவர் நம் திருவண்ணாமலைக்கும் வந்திருக்கிறார். ஹென்றி கார்த்தியே பிரெஸோன். பிரான்ஸ்காரர். 1908-ல் பிறந்தவர். போட்டோ உலகத்தில் அவருக்கு ஏறக்குறைய நம் சங்கீதத்தில் தியாகராஜருக்கு உள்ள இடம். கேமராவின் பளபளப்பு யார் கண்ணிலும் படக் கூடாது என்று அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டிக்கொள்வாராம். ஃப்ளாஷ் போட மாட்டார். தன்னை யாராவது படம் எடுக்க வந்தால் மட்டும் முகத்தை மறைத்துக்கொள்வார்!

1937-ல் லண்டனில் ஆறாம் ஜார்ஜுக்கு முடிசூட்டு விழா. பாரிஸ் பத்திரிகை ஒன்று இவரை அனுப்பியது. உலகமே ராஜாவைப் பார்க்க, இவர் ராஜாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ராஜாவைப் பார்க்க வந்த ஜனங்களை எடுத்தார். 1948 ஜனவரி 30-ம் தேதி தில்லியில் காந்திஜியைச் சந்தித்துவிட்டு வந்த சற்று நேரத்துக்கெல்லாம் அந்தத் துப்பாக்கிச் சத்தம். காந்தியின் இறுதி ஊர்வலத்தில் அழுத ஜனங்களின் முகங்களை இவர் எடுத்த படங்களை உலகம் பார்த்தது.

1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷி இடது கையில் வந்த கட்டியால் ஒரு வருஷத்துக்கும் மேலாக அவதிப்பட்டு, பல முறை ஆபரேஷன் ஆகி, கடைசி நாட்களில் இருந்த சமயம். அதற்கு முன்பே மகரிஷியை எத்தனையோ பேர் எடுத்திருக்கிறார்கள். இன்று வீட்டுக்கு வீடு மாட்டியிருக்கிற, நம்மையே பார்க்கிற அந்த மார்பளவுப் படம் 1946-ல் ஜி.ஜி.வெல்லிங் எடுத்தது. பிரெஸோன் எடுத்தவை அந்தக் கடைசி நாட்களின் படங்கள்.

ஏப்ரல் 14, இரவு. வெளியே பக்தர்கள் அட்சரமணமாலை பாடிக்கொண்டிருக்க, மகரிஷியின் மூச்சு நின்றது. மணி 8.47. அதே நேரத்தில் வெளியே நின்றிருந்த பிரெஸோன், தெற்கிலிருந்து ஓர் ஒளி மெதுவாக வானத்தைக் கடந்து அருணாசல மலைக்குப் பின்னால் மறைவதைப் பார்த்தார். உடனே கடிகாரத்தைப் பார்த்தார். 8.47. ஆசிரமத்தை நோக்கி ஓடினார். ஆசிரமத்து நூல்களில் இது அவர் வாக்காகவே பதிவாகியிருக்கிறது.

உலகத்திலேயே வேகமாகப் படம் எடுக்கத் தெரிந்தவர், அந்த நேரத்தில் பார்த்தது கேமராவை அல்ல, கடிகாரத்தை. அந்த ஒளிக்கு அவர் எடுத்த படம் இல்லை. பார்த்ததாகச் சொன்ன சொல்தான் இருக்கிறது.

*

இப்போது என் ஹார்ட் டிஸ்க்குக்கு வருகிறேன். அதில் நாற்பத்தோராயிரம் படங்கள். ராஜகோபுரம் பதினோரு நிலையும் விடிகாலையில், மத்தியானத்தில், மழையில். சாமியார்கள். மயில்கள். குரங்குகளுக்கு மட்டும் தனி ஃபோல்டரில் இரண்டாயிரத்து முந்நூறு.

அம்மா? பூஜ்யம்.

"என்னை எடுத்தே... கேமராவை வாங்கிக் கெணத்துல போட்டுடுவேன்" என்பாள். காரணம் உண்டு. அவளுடைய அப்பா நாற்பத்திரண்டு வயதில், வேலூருக்குப் போய் ஆசையாக ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்தார். பிரேம் போட்டு வருவதற்குள் காலரா கொண்டுபோயிற்று. வந்த படத்துக்கு நேராக மாலைதான். அன்றையிலிருந்து, 'போட்டோ எடுத்தா ஆயுசு கொறையும்' என்பது அம்மாவின் விஞ்ஞானம். எங்கள் வீட்டில் அவளுக்கு இரண்டே படம். ஒன்று, 1962 கல்யாணப் படம். அப்பா நாற்காலியில், அம்மா தூணைப் போல் நின்றுகொண்டு. இன்னொன்று ஆதார் கார்டு. அதில் இருப்பது அம்மாதான் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

எனக்கு உள்ளூர ஒரு பயம். அப்பா போனபோது நடந்தது அப்படி. பதினொன்று ஆண்டாயிற்று. காரியத்துக்கு வைக்க ஒரு படம் இல்லை. 'ஊரெல்லாம் படம் எடுக்கிறவன் வீட்டில் படம் இல்லையா' என்று சித்தப்பா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. கடைசியில் யாரோ கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து அப்பாவை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கினார் அதே ஸ்டூடியோக்காரர். பக்கத்தில் நின்றவரை அழித்துவிட்டார். ஆனால் தோளில் போட்டிருந்த அவர் கையை முழுசாக அழிக்க வரவில்லை. இன்றைக்கும் எங்கள் கூடத்தில், சந்தனமாலைக்குள் அப்பா சிரிக்கிறார். அவர் தோளில் யாருடையதோ நாலு விரல்.

*

2023 நவம்பர் 26. கார்த்திகை தீபம். ஞாயிற்றுக்கிழமை.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அன்று விடிகாலை நாலு மணிக்குக் கோயிலில் பரணி தீபம். சாயங்காலம் ஆறு மணிக்கு அர்த்தநாரீசுவரர் வெளியே வருவார். வருஷத்துக்கு அந்த ஒரு நாள், அந்தச் சில நிமிஷம்தான். ஆடிக்கொண்டே வந்து, காட்சி கொடுத்து, திரும்பிவிடுவார். அதே சமயத்தில் 2,668 அடி உயர மலை உச்சியில், ஆள் உயரக் கொப்பரையில் மகாதீபம் ஏறும். கோயிலுக்குள் இருக்கிறவருக்கு இது, ஊருக்கு அது. அதைப் பார்த்த பிறகுதான் வீடுகளில் விளக்கேற்றுவார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அம்மா அன்றைக்கு வாயில் தண்ணீர் படுத்துவாள்.

நான் மத்தியானம் மூன்று மணிக்கே மொட்டை மாடியில் முக்காலியை நட்டுவிட்டேன். ஸ்டூடியோக்காரர் போகிற வழியில் கீழிருந்து குரல் கொடுத்தார்.

"என்னா சார், உச்சிக்கா?"

"ஆமா. உங்களுக்கு?"

"உச்சியை எடுக்க ஊர்ல ஆயிரம் பேர் நிக்கிறான் சார். அந்தச் சின்ன லென்ஸுல தீபம் கொசு மாதிரி தெரியும். எங்கப்பா தீபத்தன்னிக்குக் கேமராவைத் தொடவே மாட்டாரு. பன்னெண்டு படத்துல ஒண்ணைக் கொசுவுக்குக் குடுப்பாங்களான்னு கேப்பாரு."

சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

நான் அசரவில்லை. மேகத்தை எடுத்தேன். மலையை எடுத்தேன். எதிர் மாடி ஜனத்தை எடுத்தேன். துவாரத்துக்குள் டி.வி. மூன்று மணி நேரம் ஓடியது. எதிரே நிஜ மலை இருக்க, நான் அரை அங்குல டி.வி.யில் அந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து ஐம்பதுக்குச் சிவப்பு விளக்கு. மூன்று சதவிகிதம்.

"இன்னொரு பேட்டரி எங்கே?" என்று கத்தினேன்.

"கீழே சார்ஜ்ல போட்டிருக்கீங்க" என்றாள் மனைவி. "ஆனா ஸ்விட்ச் போடலே போலிருக்கே."

கேமராவை அணைத்தேன். மிச்சம் இருப்பதில் இரண்டோ மூன்றோ படம். பன்னிரண்டுகூட இல்லை. கண்ணில் ஒட்டிக்கொண்டிருந்த டி.வி. போனதும், அப்போதுதான் மாடியைச் சுற்றிப் பார்த்தேன். பேரப்பிள்ளைகள் கைப்பிடிச் சுவரில். அகல் விளக்குகள் வரிசையாக எண்ணெய் ஊற்றி, திரி நனைந்து, ஏற்றாமல் காத்திருந்தன. அம்மா பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படி ஏற முடியாதவளை இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்திருந்தோம். 'அடுத்த வருஷம் முடியாதுடா' என்று போன வருஷமும் சொன்னாள்.

ஆறு மணி. முதலில் கோயில் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. தெருத் தெருவாக வந்தது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!"

கேமராவைப் போட்டேன். முக்காலி மலையைப் பார்த்து இருந்தது. ஒரு திருகு. அம்மா பக்கம் திருப்பினேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றியிருந்தாள். கண்ணில் நீர் வழிந்து கண்ணாடி மங்கிவிட்டது போலிருக்கிறது. அது ஒரு கையில். இன்னொரு கை நெற்றிக்கு மேலே. கண்ணாடி இல்லாமல் அவளுக்கு மலையே சரியாகத் தெரியாது. தீபம் எங்கே தெரியப் போகிறது? ஆனால் சரியாக அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். கேமரா அவள் கண்ணைத் தேடிச் சின்னச் சதுரம் போட்டது. அமுக்கினேன். சத்தமே இல்லை. இன்னொரு தடவை. மூன்றாவது தடவைக்கு அமாவாசை.

அப்புறம்தான் திரும்பி மலையைப் பார்த்தேன். என் சொந்தக் கண்ணால், தீபம் ஏறின சமயத்தில், பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக.

*

ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. படம் நன்றாக வந்திருந்தது. அதுதான் பிரச்னை. கேட்காமல் எடுத்தது. பெற்ற தாயிடம் திருட்டு. பிரெஸோன் 1952-ல் போட்ட புகழ்பெற்ற புத்தகத்தின் பிரெஞ்சுத் தலைப்பில் ஒரு சொல் வருகிறது. லைசென்ஸ் இல்லாமல் பிளாட்பாரத்தில் கடை விரித்து, போலீஸ் தலை தெரிந்ததும் சுருட்டிக்கொண்டு ஓடுகிற ஆசாமியின் வியாபாரத்துக்குச் சொல்கிற வார்த்தையாம். கிரிவலப் பாதையில் கார்ப்பரேஷன் வண்டி வந்தால் போர்வையோடு மூட்டை கட்டுகிறார்களே, அதேதான். அந்தச் சத்தமில்லாத பட்டன் இருக்கிறதே, ரொம்ப சௌகரியமானது, ரொம்ப ஆபத்தானதும்கூட. 'கடக்' என்று கேட்டால் எதிரில் இருப்பவர் முகத்தையாவது திருப்பிக்கொள்ளலாம்.

காலையில் காபி குடிக்கும்போது சொல்லிவிட்டேன்.

"அம்மா, நேத்து உன்னை ஒரு படம் எடுத்துட்டேன். வேண்டாம்னா அழிச்சுடறேன்."

கிணறு ஞாபகம் வந்தது. கேமராவை மேஜைக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன்.

"காட்டு."

கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"யாருடா இது, எங்கம்மாவா?"

"நீதாம்மா."

"எங்கம்மாதான். அவளும் இப்படித்தான் பாப்பா."

வெகு நேரம் பார்த்தாள். பாட்டிக்குப் படமே கிடையாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"தீபம் எங்கே?"

"அது வரலேம்மா. பேட்டரி தீந்துபோச்சு."

"பதினோரு நாள் எரியும். இன்னிக்குப் போய் எடுத்துக்கோ" என்றாள். காபியை முடித்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள், "இதை அழிக்காதே. இதையே வெச்சுக்கோ. அப்புறம் அப்பாவுக்குத் தேடினா மாதிரி தேட வேண்டாம். எவனோ கையை வெச்சிருக்கான் அவர் மேல... பாக்கும்போதெல்லாம் கோவமா வருது எனக்கு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் பேட்டரியைச் சார்ஜில் போட்டேன். இந்தத் தடவை ஸ்விட்சையும் போட்டேன்.

படத்தை ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனேன். ஸ்டூடியோக்காரர் திரையில் பார்த்தார். ஹூடு, கைப்பிடி எதுவும் மாட்டாத என் குட்டிக் கேமராவையும் ஒரு தடவை பார்த்தார்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம் சார். அப்படியே போடலாம். எந்த சைஸ்? பத்துக்குப் பன்னெண்டா, பன்னெண்டுக்குப் பதினெட்டா?"

அந்த சைஸெல்லாம் எதற்கு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"போஸ்ட் கார்டு சைஸ் போதும்" என்றேன். "பர்ஸுல வெச்சுக்க."